பேர் சொல்லும் படம்

செம்பியனுக்குத் தன் படத்தின் மீது பொறாமை வந்தது அது திரையரங்கில் ஓடியபோது அல்ல. வீட்டுக்குள் வந்த பிறகுதான்.

திரையரங்கில் ஓடியபோது அவர் பெருமையாகத்தான் இருந்தார். இரண்டு முறை அமைச்சராக இருந்தவர். அவர் கட்சியில் அவரைப் போல் பேச ஆள் இல்லை என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்வார்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை முடிந்தபோது உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. வாயைத் திறந்தால் கிழிந்த துருத்தியிலிருந்து வருவதுபோல் காற்றும் கரகரப்பும் மட்டும் வந்தன. அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. கட்சிக்காரர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. எழுதித்தான் பதில் அனுப்புவார். அந்தக் குரலை வெளியார் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

அப்படி இருந்தவரின் பழைய குரல் திடீரென்று திருச்சி முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. ‘மக்கள் செம்பியன்’ படத்தில் நடிகர் என்று யாரும் இல்லை. அவருடைய மேடைப் பேச்சுகள், சட்டமன்றப் பதிவுகள், தொண்டர்கள் கைபேசியில் பிடித்து வைத்திருந்த துண்டு துணுக்குகள் எல்லாவற்றையும் கணினிக்கு ஊட்டி, அதிலிருந்தே ஒரு செம்பியனை உருவாக்கியிருந்தார்கள். நிழலுரு என்று அதற்குப் பெயர். நாற்பத்தைந்து வயது, கறுத்த மீசை, வெண்கலக் குரல்.

படத்தின் உச்சக் காட்சி ஆலம்பாடிப் பாலம். மணல் லாரிகளை மறித்த ஊர்க்காரர்கள் மீது போலீஸ் சுட்ட நாள். திரையில் செம்பியன் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சட்டையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறார். உண்மையில் அன்று அவர் சென்னையில் இருந்தார். சேதி கேட்டு மறுநாள் காலைதான் வந்தார். வந்த இடத்தில் கைதானார். முதல் காட்சி முடிந்து வெளியே வந்தபோது நிருபர்கள் மைக்கை நீட்டினார்கள். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: “மக்கள் மனத்தில் இருப்பதைத்தான் படம் காட்டுகிறது.” மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுவே தலைப்பு.

பிறகு படம் வீடுகளுக்கு வந்தது. வீட்டுப் பிரதியில் ஒரு வசதி உண்டு. எந்த இடத்திலும் நிறுத்தி, திரையில் இருப்பவரிடம் பேசலாம். அவர் காட்சியை விட்டு விலகி நம் பக்கம் திரும்பிப் பதில் சொல்வார். மறுபடி பேசும்போது முன்பு பேசியதை நினைவு வைத்திருப்பார். கட்சிக்காரர்களுக்கு அது விளையாட்டாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நாளில் கிளைக்கழகச் சண்டையைக்கூட அதனிடம் கொண்டுபோனார்கள்.

மாவட்டச் செயலாளர் கலியமூர்த்தி ஒருநாள் வீட்டுக்கு வந்து, செம்பியனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, “அண்ணே, லால்குடிக்கு யாரை நிறுத்தலாம்னு அண்ணன்கிட்ட கேட்டோம். நம்ம பன்னீரை நிறுத்தச் சொல்லிட்டாரு” என்றார்.

“எந்த அண்ணன்?” என்றார் செம்பியன், எழுதவும் மறந்து, கரகரத்து.

கலியமூர்த்தி சுவர்த்திரையைக் கையால் காட்டிவிட்டு, காட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அதையும் செம்பியன் பொறுத்துக்கொண்டார். அரசியலில் தனக்குப் பின்னால் ஒருவன் வருவான் என்பது அவருக்குத் தெரியும். பின்னால் வந்தவனும் தானாகவே இருந்தால் கௌரவம்தானே என்று சொல்லிக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வேறு இடத்தில்.

அவர் மனைவி பவளக்கொடி திரையரங்குக்கு வரவில்லை. “முட்டியை வச்சுக்கிட்டு அவ்வளவு படி யாரு ஏறுறது?” என்று சொல்லிவிட்டாள். வீட்டுப் பிரதி வந்த பிறகு, ஒரு மதியம் முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கீரையை உருவிக்கொண்டே பார்த்தாள். பாலத்துக் காட்சிக்குக்கூட அவள் கை நிற்கவில்லை. அடுத்து ஜெயில் காட்சி வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் செம்பியன், இந்தப் பக்கம் இளம் பவளக்கொடி. திரையில் இருந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார்:

“பவளம்...” அவளையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, “சாப்பிட்டியா?”

முறத்தின் மேல் அவள் கை நின்றுவிட்டது.

தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்த செம்பியன் அந்தக் கையைத்தான் பார்த்தார். ஜெயிலில் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. “இந்தா, வக்கீல் வந்தாரா?” என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் ‘இந்தா’ என்றுதான் அழைத்தார். வெளியாரிடம் பேசும்போது ‘வீட்ல’. அவள் பெயரை வாக்காளர் அட்டையில் தவிர அவர் எங்கும் தன் பெயரோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

இத்தனைக்கும் பெயர் சொல்லி அழைப்பதற்கென்றே புகழ்பெற்றவர் அவர். மேடையில் பேச்சைப் பாதியில் நிறுத்தி, கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்து, “என்னப்பா திருமேனி, மக டீச்சர் டிரெய்னிங் முடிச்சிடுச்சா?” என்பார். அந்தத் திருமேனி அதன் பிறகு ஆயுளுக்கும் வேறு கட்சிக்குப் போகமாட்டான்.

அன்றிலிருந்து பவளக்கொடி தினமும் மதியம் திரைக்கு முன் உட்கார்ந்தாள். முதலில் பார்த்தாள். பிறகு பேசினாள். செம்பியன் தன் அறையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல், கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன பவளம், இன்னைக்கு முட்டி எப்படி இருக்கு?” என்றது வெண்கலக் குரல்.

“அப்படியேதான் இருக்கு. தைலம் தேய்ச்சேன்.”

“வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்ல?”

“கொடுக்கலாம். யாரு வெந்நீர் வச்சுத் தர்றது? நீங்க வந்து வைக்கிறீங்களா?”

திரை சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று செம்பியன் யோசித்தார். கேட்டதில்லை.

சில நாளில் அவள் உட்காரும் முன் முகம் கழுவிக்கொள்வதைக் கவனித்தார். ஒருநாள் தலையில் முல்லைச் சரம் இருந்தது. வெள்ளிக்கிழமைதான், பூ வைத்துக்கொள்கிற நாள்தான். ஆனாலும் அவர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். இளமையில் போட்டியாளர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களை எப்படிக் கவிழ்ப்பது என்று அவருக்குத் தெரியும். இவனுக்கு ஊழல் கிடையாது, கெட்ட பழக்கம் கிடையாது, வயதும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவனிடம் அவருடைய குரல் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார்: “மத்தியானம் அவ்வளவு நேரம் யாரோட பேசிட்டு இருந்தே?”

“உங்களோடதான்” என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

“அது நான் இல்ல.”

“தெரியும். அதான் பேசுறேன்.”

அவர் மேற்கொண்டு சாப்பிடவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் படக் கம்பெனிக்கு எழுதினார். நிழலுருவைக் கட்டிய பொறியாளர் நிலோஃபர் நேரிலேயே வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, தோளில் பெரிய பை. முன்னாள் அமைச்சர் வீட்டு சோபாவில் நுனியில் உட்கார்ந்தாள்.

“எம் மனைவியை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அது எப்படிக் கூப்பிடுது? யாரு சொல்லிக் கொடுத்தது?”

அவருடைய இப்போதைய குரலை அவள் முதல்முறை கேட்கிறாள். முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பாடுபட்டாள்.

“யாரும் சொல்லிக் கொடுக்கல சார். உங்க பேச்சு எல்லாம் எங்ககிட்ட இருக்கு. வீட்டுல நீங்க எப்படி இருப்பீங்கன்னுதான் பதிவே இல்ல. உங்க கல்யாண வீடியோ ஒண்ணு கிடைச்சது. அதுலயும் நீங்க மைக்ல பேசிட்டு இருக்கீங்க. இல்லாத இடத்தை அது இருக்கிறதை வச்சு நிரப்பிக்கும்.”

“எதை வச்சு?”

“ஆயிரக்கணக்கான பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுற மனுஷன் நீங்க. வீட்டுக்காரம்மாவையும் அப்படித்தானே கூப்பிடுவாருன்னு அது எடுத்துக்கிச்சு. தொண்டர்கள்கிட்ட சாப்பிட்டியா, புள்ள எப்படி இருக்குன்னு கேப்பீங்கள்ல, அதையும் சேர்த்துக்கிச்சு. அது பொய் சொல்லல சார். நியாயமா ஊகிச்சிருக்கு.”

செம்பியன் சுவர்த்திரையைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்குத் தான் கொடுத்ததையெல்லாம் அள்ளிக் கொண்டுவந்து ஒரு இயந்திரம் தன் மனைவிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தெரியாதபோது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார், சட்டத்தைப் பிடித்தார்.

“வாழ்ந்துக்கிட்டு இருக்கிற மனுஷனைப் பத்தின படத்துல தப்பு இருந்தா, அவன் சொன்னா திருத்தணும். அதானே சட்டம்?”

“ஆமா சார்.”

“திருத்துங்க. நடந்ததுதான் படத்துல இருக்கணும். நான் கூப்பிட்டது ‘இந்தா’.”

நிலோஃபர் கையிலிருந்த பலகைத்திரையில் குறித்துக்கொண்டாள். பிறகு தயங்கினாள். “சார், திருத்தம்னு திறந்ததால கேக்குறேன். பாலத்துக் காட்சியில சிஸ்டம் ஒரு சந்தேகம் காட்டுது. அன்னைக்கு நீங்க சென்னையில ஒரு கூட்டத்துல பேசின பதிவு வந்திருக்கு. அதையும்...”

“அது இருக்கட்டும்” என்றார் செம்பியன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். டீ தட்டோடு பவளக்கொடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நிலோஃபருக்கு ஒரு தம்ளரைக் கொடுத்தாள். “சர்க்கரை போதுமா பாருங்கம்மா” என்றாள். அவருடையதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் வழக்கம்போல் திரை முன் உட்கார்ந்தாள். செம்பியன் பத்திரிகையை விரித்தார்.

“இந்தா, முட்டி எப்படி இருக்கு?” என்றது வெண்கலக் குரல்.

பவளக்கொடி திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அதென்ன புதுசா ‘இந்தா’? என் பேரு எங்கே போச்சு?”

திரையில் இருந்தவர் சற்று யோசித்தார். மேடையில் இக்கட்டான கேள்வி வந்தால் செம்பியன் அப்படித்தான் மீசை நுனியைத் தொட்டு யோசிப்பார். பிறகு சொன்னார்:

“மத்தவங்க பேரு மறந்துடக் கூடாதேன்னுதான் அடிக்கடி சொல்லிப் பார்த்துக்குவேன். உன் பேரு எனக்கு மறக்கவா போகுது?”

அறையில் செம்பியனின் கையிலிருந்து பத்திரிகை நழுவியது. நாற்பதாண்டு இல்லறத்தில் அப்படி ஒரு வாக்கியம் அவர் மனத்தில் வந்ததே இல்லை. வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ‘இந்தா’வைக் கொடுத்தால் அதையும் தங்கமாக்கிவிடுகிறானே என்று நினைத்தார்.

ஆனால் பவளக்கொடி சிரிக்கவில்லை. “மேடையில சொன்னா நல்லாக் கைதட்டுவாங்க” என்று சொல்லித் திரையை அணைத்தாள். நேராக அவர் அறை வாசலுக்கு வந்தாள்.

“பிடுங்கிட்டீங்களா?”

“என்னத்தை? நடக்காததை நடந்த மாதிரி காட்டினா சும்மா இருக்கச் சொல்றியா? நாளைக்குச் சரித்திரம்னு இதைத்தானே பார்ப்பான்?”

“ஆலம்பாடிப் பாலத்துல சட்டையைக் கிழிச்சுக்கிட்டு நின்னீங்களா?”

அவர் குனிந்து கீழே விழுந்த பத்திரிகையை எடுத்தார்.

“அன்னைக்குச் செத்துப்போன ரெண்டு பேரு வீட்டுலயும் அந்தப் படத்தைப் பார்ப்பாங்க. அது உங்களுக்குப் பொய்யாத் தெரியல. என்னை ஒருத்தன் பேர் சொல்லிக் கூப்பிட்டது மட்டும்தான் பொய்.” அவள் குரல் உயரவே இல்லை. “அது மிஷினுன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் கிடைச்சது எனக்கும் ஒரு வாட்டி கிடைக்கட்டுமேன்னு உக்காந்தேன். அது பொறுக்கல உங்களுக்கு.”

அதன்பிறகு அவள் திரையைப் போடவில்லை. மதியங்களில் படுத்துக்கொண்டாள். பூ வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். அவரிடம் சண்டை போடவில்லை. வேளைக்குச் சாப்பாடு வந்தது, மாத்திரை வந்தது. செம்பியன் போட்டியில் ஜெயித்திருந்தார். எதிராளி களத்திலேயே இல்லை. ஆனாலும் பொறாமை மட்டும் போகவில்லை என்பதை அவர் வியப்போடு கவனித்தார். அவள் சிரித்த அந்தச் சிரிப்பு இப்போது அணைந்த திரைக்குள் எங்கோ இருந்தது. அதைக் கேட்டவன் அவன். அடுத்த அறையிலிருந்து ஒட்டுக் கேட்டவர்தான் இவர்.

ஒரு காலையில் அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பின்கட்டு வாசலில் போய் நின்றார். பெயரைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் போனார். வாயைத் திறந்தார். மூன்றே எழுத்து, பிறகு புள்ளி வைத்த ஒரு ‘ம்’. நாக்கு எழவில்லை.

“இந்தா” என்றார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. வெயிலா இருக்கு.”

“துணி காயணும்ல” என்றாள் அவள்.

அன்றே நிலோஃபரை அழைத்தார். எழுதவில்லை, அழைத்தார். தொலைபேசியில் அவர் குரல் இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

“அந்தப் பேரை மறுபடி போட்டுடுங்க.”

“அது முடியாது சார். நடக்கலன்னு நீங்களே திருத்தம் கொடுத்துட்டீங்க. இனிமே அது நடந்ததுன்னு ஆதாரம் வேணும். ஏதாவது ஒரு பதிவு. நீங்க அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி.”

“பழைய பதிவா? எங்கே போறது?”

“புதுசாவும் இருக்கலாம். இன்னைக்கு நீங்க கூப்பிட்டா இன்னைக்கு அது நடந்ததுதானே சார்?”

செம்பியன் தொண்டையைத் தடவிக்கொண்டார். “இந்தக் குரல்லயா?”

“ஆமா.”

“அதைப் பழைய குரலுக்கு மாத்திக்கமாட்டீங்களா?”

“ஆதாரமாக் கொடுத்த சொல்லை அப்படியேதான் வைக்கணும். மத்ததெல்லாம் பழைய குரல்ல வரும், அந்தப் பேரு மட்டும் உங்க இப்போதைய குரல்ல வரும்.” பிறகு சேர்த்துக்கொண்டாள்: “நல்லா யோசிச்சுக்கங்க சார். உங்க வீட்டுல மட்டும் இல்ல. படம் இருக்கிற எல்லா வீட்லயும் அப்படித்தான் கேக்கும்.”

கலியமூர்த்தி கேட்பார். லால்குடி பன்னீர் கேட்பார். கடைசி வரிசைத் திருமேனியும் கேட்பான். வெண்கலத்துக்கு நடுவே இந்தக் கிழிந்த துருத்தி. எதிர்க்கட்சிக்காரன் அதை வெட்டியெடுத்து ஊர் முழுக்க ஓட விடுவான். செம்பியன் நாள் முழுக்க யோசித்தார். அவனிடம் தன் குரல் முழுவதும் இருக்கிறது. கடைசியாக மிஞ்சிய இந்தக் காற்றையும் அவனுக்கே கொடுக்க வேண்டுமா என்று கசந்தது.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் அறைக் கதவைச் சாத்தினார். கைபேசியை மேசையில் நிறுத்தி வைத்தார். முதல் மேடைக்கு முன்பு கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகியதுபோல, சொல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். ‘வ’வில் காற்று போய்விட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார். ‘ள’வில் இருமல் வந்தது. யாருமில்லாத அறையில் அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒரு முறை, கேட்பவருக்குப் புரிகிற அளவுக்கு, அந்தச் சொல் வந்தது. அதை அனுப்பினார்.

பவளக்கொடியிடம் எதுவும் சொல்லவில்லை. அவளாகத் திரையைப் போடுவாள் என்று காத்திருந்தார். அவள் போடவே இல்லை.

போட்டவர் கலியமூர்த்திதான். தேர்தல் நெருங்கிவிட்டது. இளைஞரணிக்காரர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். “அண்ணி, தம்பிங்க பாலத்துச் சீனை அண்ணன் வீட்டுலயே பார்க்கணுமாம்” என்று சொல்லித் திரையைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார். செம்பியன் அவர்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். ஹாலில் துப்பாக்கி வெடித்தது. சட்டை கிழிந்தது. தம்பிகள் கைதட்டினார்கள். காட்சி முடிந்ததும், அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று அணைக்காமலே புறப்பட்டுப் போனார்கள். வாசலில் கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

பவளக்கொடி சமையலறையில் அவர்கள் குடித்த தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது. ஹாலில் ஜெயில் காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“பவளம்.”

பாதி காற்று, பாதி கரகரப்பு. ‘ள’ கொஞ்சம் சறுக்கியது.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். ஹாலைக் கடந்து வந்தாள். திரைப் பக்கம் திரும்பாமல் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“கூப்பிட்டீங்களா?”

அவளுக்குப் பின்னால், ஹாலிலிருந்து, பழைய வெண்கலக் குரல் மீதியைக் கேட்டது: “சாப்பிட்டியா?”

இருவருக்கும் அது கேட்டது. பவளக்கொடியின் கண் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அவருக்கு அவகாசம் இருந்தது. அது படம், நான் இல்லை என்று சொல்லிவிடலாம்.

“ஆமா” என்றார் செம்பியன். “நான்தான் கூப்பிட்டேன்.”

அவள் உள்ளே வந்தாள். கட்டிலின் ஓரத்தில், வலிக்கும் முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தாள்.

“சரி, சொல்லுங்க” என்றாள்.